குமிழைத் தள்ள வேண்டாம்

இரவு எட்டரைக்கு
எருக்கஞ்சேரி வால்வை மூடிவிட்டு வருவேன்.
இரண்டு தரம் சோப்புப் போட்டும் கையில் துரு வாசம்.
ஒன்பதுக்கு ஊசி.

பிலோமினா அதற்குள்
நைட்டியைச் சுருட்டிக்கொண்டு மல்லாந்திருப்பாள்.
தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி,
இன்று இடப்பக்கம்.
காலையில் குத்திய வலப்பக்கம் நாவல்பழம்.
முந்தாநாளையது பழுத்து மஞ்சளாகிவிட்டது.
குத்துவதற்கு
இடம் தேடுவதுதான் இப்போது பெரிய வேலை.

சதையைக் கிள்ளிப் பிடி. குத்தியபின் தேய்க்காதே.
உள்ளே நிற்கும் குமிழைத் தள்ள வேண்டாம்,
அதுதான் கடைசிச் சொட்டைத் தள்ளிவிடும் என்றாள் நர்ஸ்.
இருபத்தாறு வருஷமாய்
குழாயிலிருந்து காற்றை விரட்டிய கை.
முதல் நாளே தள்ளிவிட்டேன்.

ஆடியில் இடது கெண்டைக்கால் வீங்கியது.
யானைக்கால் என்றார்கள் எதிர்வீட்டில்.
கொலுசைக் கழற்ற எண்ணெய் விட வேண்டியிருந்தது.
ஸ்கேன் திரையில் ரத்தம் ஓடும் இடமெல்லாம் கறுப்பு,
ஓடாத இடத்தில் ஒரு சாம்பல் திட்டு,
டாக்டர் ஷஹீதா பேனாவால் தொட்டுக் காட்டினார்.

வயிற்றில் கட்டி இருக்கும்போது
ரத்தம் சும்மா இருப்பதில்லையாம்.
காயமே இல்லாத காலில்
காயம் என்று நினைத்து உறைந்துகொள்ளுமாம்.
உறையாமல் இருக்க மருந்து போட்டால்
கட்டி அரித்த இடத்தில் கசியுமாம்.
இரண்டும் ஒரே ஆளுக்கு. ஒரே வாரத்தில்கூட.
மாத்திரையாகக் கொடுங்களேன் என்றேன்.
இரைப்பை தாங்காது, அங்கேதான் முதலில் கசியும்.

இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது.
எங்கள் மெயின் லைனும் அப்படித்தான்.
அடைப்பு போக பிரஷரை ஏற்றினால்
எங்கோ ஒரு ஜாயின்ட் விட்டுக்கொள்ளும்.
இறக்கினால் கடைசித் தெருவுக்கு ஏறாது,
காலிக் குடத்தோடு வந்து என் பரம்பரையை இழுப்பார்கள்.
வீட்டில் சொன்னேன்.
"என்னய மெட்ரோ வாட்டர் லைனுன்னு நெனச்சியா?
தோண்டிப் பாக்கப் போறியா?"
என்று சிரித்தாள். சிரித்ததில் ஈறில் ரத்தம்.

கீமோ முடிந்து பத்தாம் நாள்
தட்டணுக்கள் நாற்பத்தோராயிரம்.
ஐம்பதுக்குக் கீழே போனால் பாதி ஊசி,
இருபத்தைந்துக்குக் கீழே போனால் போடாதே, போன் பண்ணு.
ட்யூப்லைட்டுக்கு அடியில்
ஊசியைத் தலைகீழாய்ப் பிடித்து, குமிழ் மேலேயே நிற்க,
பாதி மருந்தை வாஷ்பேசினில் விட்டேன்.
அந்தப் பாதி ஒரு அரை நாள் கூலி.
மிச்சப் பாதி போதுமா என்று
ராத்திரி முழுக்க அவள் காலைத் தொட்டுப் பார்த்தேன்,
சூடாக இருக்கிறதா,
வீங்குகிறதா.

விடிந்தால் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று
ஒரே கேள்வி:
"கறுப்பா போச்சா?"
கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம்.
இவ்வளவு அக்கறையாய் நான் அவளிடம்
எதையும் கேட்டதில்லை.

எடைக்குத் தக்க மருந்து.
அறுபத்தொரு கிலோவில் அறுபது நம்பர் ஊசி.
ஐப்பசியில் நாற்பத்திரண்டு கிலோ.
இனி நாற்பது போதும் என்று மாற்றி எழுதினார்கள்.
அது விலை குறைவு.
மருந்துக்கடையில் மிச்சக் காசை வாங்கும்போது
ஒரு நொடி, ஒரே நொடி, சந்தோஷப்பட்டேன்.
இதை அவளிடம் சொல்லவில்லை.

நேற்று மழை. பெரம்பூர் சுரங்கப்பாதை மூழ்கி
சுற்றிக்கொண்டு வர பத்து மணி ஆகிவிட்டது.
அவளே கிள்ளிப் பிடித்துக் காத்திருந்தாள்,
பிடிக்கச் சதை இல்லை, தோல்தான்.
குத்தி முடித்ததும்
ரோட்டில் கம்பியை ஊன்றிக் கசிவு கேட்பேனே
அதே மாதிரி காதை வயிற்றில் வைத்தேன்.

"என்னா கேக்குது?"

"பசிக்குதாம்."

"பொய் சொல்லாத.
தேய்க்கக்கூடாதுன்னாங்க, தலைய எடு."